பிதற்றல் என்னும் சொல்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற மாதம் அடியோங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் விழுப்புரத்தை அடுத்த காணையில் பிறந்தவர். உத்யோக நிமித்தமாக இப்போது கடல் கடந்து வாழ்பவர். அவருடைய திருத்தகப்பனாருக்கு எண்பது ப்ராயம் கடந்துவிட்டது. இளமையில் நிலத்தையும் பார்த்துக்கொண்டு, ஒரு பெரியவரிடம் சந்தை சொல்லித் திவ்யப்ரபந்தமும் கற்றவர். மாதம் ஒருமுறையேனும் பேருந்தேறித் திருக்கோவலூர் சென்று ஆயனாரைச் சேவித்து வருவதை நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்தவர். சில வருஷங்களாக அவருக்கு நினைவு தளர்ந்திருக்கிறது. பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார். ஆனால் வாய் ஓய்வதில்லை. திருப்பல்லாண்டில் தொடங்குகிறார், நடுவில் திருப்பாவைக்குப் போகிறார், அங்கிருந்து மல்லாட்டை விலைக்கும், என்றோ விற்றுவிட்ட மாட்டுக்கும் தாவுகிறார், பிறகு திருவாய்மொழியிலிருந்து ஒரு துண்டு வருகிறது.

அவரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருக்கும் அம்மாள், "தாத்தா ராத்திரி பூரா பெனாத்திக்கிட்டே இருந்தாரு" என்று தொலைபேசியில் சொன்னாராம். பொல்லாங்கு நினைத்துச் சொன்ன சொல்லன்று. ஆயினும் குமாரரின் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்கிறது. உறவினர் இல்லத்தில் நடந்த ஒரு சேவாகாலத்தில் பெரியவர் தமக்குத் தோன்றிய பாசுரத்தை உரக்கச் சொல்ல, கோஷ்டியில் இருந்த ஒருவர் "சும்மா இரும்" என்று அதட்டினாராம். அன்று முதல் வீட்டார் அவரை எங்கும் அழைத்துப் போவதில்லை.

கடிதத்தின் முடிவில் இருந்த கேள்விகள் இவை: "என் தகப்பனார் செய்வது அனுஸந்தானமா, பிதற்றலா? பிழையாகச் சொல்லும்போது நாங்கள் திருத்த வேண்டுமா? திருத்தாமல் விட்டால் அபசாரமாகுமா?"

இதற்குத் தனிப்பட எழுதியிருக்கலாம். ஆனால் இதே நிலையில் பெற்றோரையோ பாட்டனாரையோ வைத்திருப்பவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பர் என்று தோன்றியபடியால், அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு சிறிது விரிவாக ஆராயத் துணிந்தோம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பேச்சில் ‘பெனாத்தாதே’, ‘ஒளறாதே’ என்று இரண்டையும் ஒன்றுபோலவே சொல்லிவிடுகிறோம். ஏட்டுத் தமிழிலோ இந்தக் குடும்பத்துச் சொற்களுக்குள் நுட்பமான வேற்றுமை உண்டு. ஒன்றைச் சொல்ல நினைத்து மற்றொன்றைச் சொல்லிவிடுவது உளறல். நாவும் எழுத்தும் பொருந்தாமல் ஓசை சிதைவது குழறல். துயரம் தாங்காமல் வாய்விட்டுக் கதறுவது அரற்றல். உறக்கத்திலோ அச்சத்திலோ தன்னை அறியாமல் வாய் சொல்லிவிடுவது வாய்வெருவல். ‘பிதற்றல்’ என்னும் சொல்லுக்கு அறிவின்றிப் பேசுதல் என்றே உலக வழக்கில் பொருள். ஆனால் அது பயிலும் இடங்களைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு லக்ஷணங்கள் புலப்படும். ஒன்று, முன்பின் என்னும் அடைவு கெடுதல். மற்றொன்று, ஓயாமை. ஒருமுறை தவறாகப் பேசியவனை உளறினான் என்போம், பிதற்றினான் என்னமாட்டோம். ஜுரம் தலைக்கேறி இரவெல்லாம் பேசினவனையே அப்படிச் சொல்வோம்.

இச்சொல்லில் பொருளின்மை முதலில் நிற்கவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஜுரத்தில் பேசுகிறவனும் தன் மனைவி மக்களின் பெயரைத்தான் சொல்கிறான்; ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை, அவ்வளவே. நூல் அறுந்த மாலையில் பூ வாடிவிடுவதில்லை.

இனி இச்சொல்லை நம்மாழ்வார் ஆண்ட இடத்துக்கு வருவோம். திருவாய்மொழி மூன்றாம் பத்து, ஐந்தாம் திருவாய்மொழி, எட்டாம் பாசுரம். அந்தப் பதிகம் முழுவதுமே எம்பெருமானுடைய குணங்களைக் கேட்டு நெஞ்சு நெகிழ்ந்து, உடல் தன் வசமழிந்து ஆடுவாரைக் கொண்டாடுவதும், அப்படி ஆடாதாருடைய பிறவியைப் பழிப்பதுமாக அமைந்தது. எட்டாம் பாசுரத்தில் திருவேங்கடமுடையானுடைய திருநாமங்களைச் சொல்லும் அடியார் ஒருவர் காட்டப்படுகிறார். அவர் சொல்லும் முறைக்குத்தான் ‘பிதற்றி’ என்னும் சொல் இடப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்தபடியாகவே, பிறர் அவரைப் பித்தர் என்று சொல்வதும் வருகிறது. ஊருக்குள் புகுந்தாலும் புகாவிட்டாலும் அவர் ஆடுகிறார், உலகத்தார் நகைக்கிறார்கள். இத்தகையவரைத் தேவர்கள் தொழுவார்கள் என்று பாசுரம் முடிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பித்தர் என்பது பிறருடைய சொல். அதைப் பிறர் வாயிலேயே வைத்துவிடுகிறார் ஆழ்வார். பிதற்றி என்பதோ ஆழ்வார் தம்முடைய வாயாலேயே சொல்லும் சொல். உலகத்தார் அடியாரைப் பழித்து இட்ட சொல் என்று தள்ளிவிட வழியில்லை. ‘இவர் பிதற்றவில்லை, முறையாகத்தான் ஸ்தோத்ரம் செய்தார்’ என்று ஆழ்வார் வாதாடவுமில்லை. ஆம், பிதற்றல்தான் என்று இசைந்துகொண்டு, அதன்மேல் தேவர்களின் அஞ்சலியை வைக்கிறார். பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் பொருள் கொள்பவர்கள் இச்சொல்லை அடைவுகெடச் சொல்லுதல் என்று விளக்குவர். ஒரு திருநாமத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த திருநாமம் நெஞ்சில் வந்து முட்டுகிறது. எதை முன் சொல்வது, எதைப் பின் சொல்வது என்று வரிசைப்படுத்த அவகாசம் இல்லை. நாவு ஒன்று, வருகிறவையோ பல. பாசுரத்திலே திருநாமங்கள் பல என்று சொல்லியிருப்பதும் இதற்குப் பொருந்தும்.

ஸ்ரீமத் பாகவதம் பதினோராம் ஸ்கந்தத்திலும், இரண்டாம் அத்யாயத்தில், திருநாம ஸங்கீர்த்தனத்தில் ஈடுபட்டவன் சிரிக்கிறான், அழுகிறான், கூவுகிறான், பாடுகிறான், பித்தனைப்போல் ஆடுகிறான் என்று கவி என்னும் யோகி நிமி மன்னனுக்குச் சொல்கிறார். அங்கே அவனுக்கு இட்ட அடைமொழி ‘லோகபாஹ்யன்’ என்பது, அதாவது உலக நடைக்குப் புறம்பானவன். அதே பாகவதத்தில் ராஸலீலையின்போது கண்ணன் மறைந்தவுடன் கோபிகைகள் அரசமரத்தையும் ஆலமரத்தையும் பார்த்து ‘அவனைக் கண்டீர்களோ’ என்று வினவுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு முனிவர் இட்ட பெயர் ‘உன்மத்தவசஸ்’, பித்துற்றார் பேச்சு. பெருமாளும் பிராட்டியைப் பிரிந்தபோது கடம்ப மரத்தையும் வில்வ மரத்தையும் விசாரித்தார் என்பது ஆரண்யகாண்டத்தில் ப்ரஸித்தம். ஆக, இவ்வகைப் பேச்சு அடியார்க்கே உரியது என்றும் சொல்வதற்கில்லை. அவனும் பேசியிருக்கிறான்.

அடைவு கெட்ட பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறந்து காட்டுவது நான்காம் பத்தின் நான்காம் திருவாய்மொழி. ஆழ்வார் பராங்குச நாயகி என்னும் பெண்ணின் நிலையை அடைந்திருக்க, அப்பெண்ணின் திருத்தாயார் வாயிலாக வெளிவரும் பதிகம் இது. பெற்ற தாய் தன் மகள் செய்வதையும் சொல்வதையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறாள். மகள் தரையில் அமர்ந்து மண்ணைத் துழாவி இது வாமனனுடைய மண் என்கிறாள். வானத்தைக் கைகூப்பி அவன் உறையும் இடம் என்று காட்டுகிறாள். செந்தீயைத் தழுவி அச்சுதன் என்கிறாள்; குளிர்காற்றைத் தழுவிக் கோவிந்தன் என்கிறாள். நிறைமதியைக் காட்டுகிறாள். அசையாமல் நிற்கும் மலையை ‘வா’ என்று அழைக்கிறாள். மழை பெய்தால் நாராயணன் வந்துவிட்டான் என்கிறாள். கன்றைக் கட்டிக்கொண்டு அவன் மேய்த்தது என்கிறாள். ஊர்ந்து போகும் பாம்பின் பின்னே போய் இது அவன் படுக்கை என்கிறாள். குடக்கூத்தரைக் கண்டால் ஓடுகிறாள், குழலோசை கேட்டால் மயங்குகிறாள், ஆய்ச்சியரின் வெண்ணெயைக் கண்டால் அவன் உண்டது என்கிறாள்.

இந்தத் தாயின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாம். பாம்பின் பின்னே போகும் மகளையும் தீயைத் தழுவும் மகளையும் பார்த்து எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது? அவளுக்கு இது பெருமையாகத் தோன்றவில்லை. என்ன செய்வேன் என்று திகைக்கிறாள். இதை வாசகர்கள் மறக்கலாகாது. பின்னாளில் நாம் உருகி உருகிச் சேவிக்கும் பாசுரங்கள், வீட்டில் இருந்து பார்த்த ஒருத்திக்குத் தூக்கமில்லாத இரவுகளாகவே இருந்திருக்கின்றன.

ஆனால் வ்யாக்யாதாக்கள் இந்தப் பதிகத்தைத் திறக்கும் சாவியை நமக்குத் தந்திருக்கிறார்கள். அப்பெண் தொடும் பொருள்கள் எல்லாம் இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று, அவனைப் போன்றவை. மற்றொன்று, அவனோடு ஸம்பந்தம் உடையவை. ஒளியால் தீ அவனைப் போன்றது, உயர்ந்து நிற்பதால் மலை அவனைப் போன்றது. மண் அவன் அளந்தது, கன்று அவன் மேய்த்தது, வெண்ணெய் அவன் உண்டது, பாம்பு அவன் கிடப்பதன் இனம். எந்த ஒன்றும் இந்த இரண்டுக்கும் புறம்பாகப் போகவில்லை! மண்ணிலிருந்து விண்ணுக்கும், நெருப்பிலிருந்து காற்றுக்கும், பாம்பிலிருந்து வெண்ணெய்க்கும் தாவும் பேச்சு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் தாவலாகத் தெரிகிறது. எல்லாச் சொற்களும் ஒருவனையே சுட்டுகின்றன என்று தெரிந்தவுடன் தாவலே இல்லை என்றாகிறது. அடைவு கெட்டது சொற்களின் வரிசையில். சுட்டப்பட்ட பொருளில் அன்று.

ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் நிலை இன்னும் முற்றிவிட்டது. அங்கே மகள் உலகைப் படைத்தவளும் நானே, அளந்தவளும் நானே என்று பேசுகிறாள். கோபிகைகள் ‘நானே கிருஷ்ணன்’ என்று அவனுடைய செயல்களைச் செய்து காட்டித் தரித்ததுபோன்ற அநுகாரம் இது என்பர் பெரியோர். தாயோ அந்த நுட்பமெல்லாம் அறியாள். ஈசன்தான் என் மகள்மேல் வந்து ஏறிவிட்டானோ என்று ஊராரைக் கேட்கிறாள். தாயின் அறியாமையில் வந்த கேள்விதான். பதிகத்தின் உள்பொருளோ அதற்குள்ளேயே இருக்கிறது.

திருமங்கையாழ்வாருடைய பெரிய திருமொழியில் ஐந்தாம் பத்து ஐந்தாம் திருமொழியும் தாய்ப்பாசுரம். அங்கே ஆளும் சொல் ‘வாய்வெருவி’ என்பது. மகள் திருவேங்கடத்தின் பெயரை வாய்வெருவுகிறாள் என்று தாய் திருவரங்கத்தானைக் குறித்து முறையிடுகிறாள். வாய்வெருவலில் சொல்பவருடைய முயற்சி இல்லை என்று மேலே சொன்னோம். கனவில் பேசுகிறவர் எதைப் பேசுவது என்று தேர்ந்தெடுப்பதில்லை. நெஞ்சில் எது நிரம்பியிருக்கிறதோ அது வழிகிறது.

குலசேகரப் பெருமாள் தம்முடைய திருமொழியின் மூன்றாம் பதிகத்தில், உலகத்தாருக்கு நான் பேயன், எனக்கு அவர்கள் பேயர் என்று கணக்கைச் சமமாக முடித்துவிட்டார். அதை இங்கே விரிக்கவில்லை.

பேயன் என்ற சொல் வந்தபடியால் காணைக்காரர்களுக்கு அண்டை அயலான ஒரு செய்தியைச் சொல்லாமல் போவது முறையன்று. காணையிலிருந்து மேற்கே பெண்ணையாற்றை நோக்கிப் போனால் திருக்கோவலூர். அங்கே ஒருநாள் இருட்டும் மழையுமான இரவில், ஓர் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்க இடம் இருந்தது. பூதத்தாழ்வார் வந்தார், இருவர் இருக்கலாம் என்று அமர்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார்; மூவர் நிற்கலாம் என்று நின்றார்கள். நான்காவதாக ஒருவன் வந்து நெருக்கினான். அந்த நெருக்கத்தில்தான் முதல் மூன்று திருவந்தாதிகளும் பிறந்தன.

மூன்று திருவந்தாதிகளின் தொடக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பொய்கையார் உலகை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனை விளக்காகவும் கொண்டு அழகிய ஓர் உருவகத்தை அமைக்கிறார். பூதத்தார் அன்பையும் ஆர்வத்தையும் சிந்தையையும் கொண்டு அதற்கு இணையான மற்றோர் உருவகத்தை அமைக்கிறார். இரண்டும் செவ்வனே கோத்த வாக்கியங்கள். பேயாழ்வாரிடம் வரும்போது உருவகமும் இல்லை, கட்டுக்கோப்பும் இல்லை. ‘கண்டேன்’ என்னும் ஒரே வினை அந்த ஒரு பாசுரத்தில் ஐந்து முறை வருகிறது. கண்டவற்றையெல்லாம் அடுக்கி இறுதியில் ஒரு ‘கண்டேன்’ போட்டால் போதாதோ என்று இலக்கணம் கற்றவன் கேட்கலாம். போதாது. ஒவ்வொன்றைக் காணும்போதும் வாய் கூவுகிறது. வாக்கியம் முடியும்வரை அது காத்திருக்கவில்லை. விளக்கை ஏற்றினவர்கள் அடைவோடு பேசினார்கள். விளக்கின் ஒளியில் கண்டவர் அடைவு கெட்டார்.

அவருக்குப் பேயர் என்ற திருநாமம் வந்ததற்கும் இந்தக் கண் சுழலலும் அழுகையும் சிரிப்பும் ஆட்டமும் கூத்துமே காரணம் என்று குருபரம்பரை சொல்லும். உலகத்தார் பேய் பிடித்தவர் என்று சொன்ன பெயரை நம் ஸம்ப்ரதாயம் மாற்றவில்லை. ஆழ்வார் என்று அதன் பின்னே சேர்த்துக்கொண்டது. பட்டர் அருளிய தனியனில் அவர் ‘மஹதாஹ்வயர்’ ஆகிறார். மஹத் என்னும் திருநாமம் உடையவர் என்று பொருள். தமிழ் வழக்கிலும் பேய் என்ற சொல் அளவு கடந்ததைக் குறிப்பதுண்டு. ஐப்பசி கார்த்திகையில் விழுப்புரம் பக்கம் கொட்டும் மழையைப் பேய்மழை என்றுதானே சொல்கிறோம்? மூவர் திருவவதாரமும் ஐப்பசியில்தான்.

இதுவரை பிதற்றலைக் கொண்டாடினோம். ஆழ்வார்களே தம்முடைய பேச்சுக்கு அஞ்சிய இடமும் உண்டு. பெரியாழ்வார் திருமொழி ஐந்தாம் பத்தின் முதல் திருமொழியில், என் வாக்குக்குத் தூய்மை இல்லை, உன் திருநாமத்தை எடுக்க எனக்குத் தகுதி இல்லை என்று தொடங்குகிறார். ஆனால் நாக்கோ உன்னைத் தவிர வேறொன்றை அறியாது. இவன் மூடன் போல் பேசுகிறானே என்று நீ சீறினாலும் என்னால் அதை அடக்க முடியாது என்கிறார். அதற்கு மேல் ஒரு உலக வழக்கைத் துணைக்கு அழைக்கிறார். காக்கையின் வாயிலிருந்து வருவதையும் மக்கள் ஒரு செய்தியாகக் கொள்கிறார்களே என்கிறார். காணையில் இன்றும் காகம் கரைந்தால் விருந்து வரும் என்பார்கள். காகத்துக்குப் பொருள் தெரியாது. கேட்கிறவர் பொருள் கொள்கிறார். அடுத்த பாசுரத்தில், அடியார் பிழைபடச் சொன்னாலும் அதைப் பொறுப்பது பெரியவர்களின் கடமை என்று அவனுடைய ஸ்வபாவத்தையே பிடித்துக்கொள்கிறார். ஆண்டாளும் அறியாப் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, சிறுபேரிட்டு அழைத்ததற்குச் சீற்றம் வேண்டா என்று வேண்டியது திருப்பாவையில் அனைவரும் அறிந்ததே.

பேச்சின் நிறைவு சொல்பவனிடத்திலா, கேட்பவனிடத்திலா என்ற கேள்விக்குப் பெரியாழ்வார் சொன்ன விடை இதுவாகத் தோன்றுகிறது. சொல்பவன் காகமாக இருக்கலாம். கேட்பவன் வீட்டுக்காரன்.

இனி அந்தக் குமாரருடைய கேள்விக்கு நேராக வருகிறோம். இங்கே அடியோங்கள் இனிப்பாகப் பேசி ஏமாற்ற விரும்பவில்லை. நம்மாழ்வாருக்கு அடைவு கெட்டது ப்ரேமத்தின் மிகுதியால். தேவரீருடைய தகப்பனாருக்கு அடைவு கெடுவது மூளையைப் பற்றிய வியாதியால். இரண்டையும் ஒன்றென்று சொல்வது ஆழ்வாருக்கும் பொருந்தாது, தகப்பனாருக்கும் உதவாது. அவர் சொல்வதில் ஏதோ அருள்வாக்கு இருக்கிறதென்று பொருள் தேடுவதும் வேண்டா. நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில், தலைவியின் நோயைத் தீர்க்க வெறியாட்டு எடுப்பவர்களைத் தோழி தடுப்பது நினைவிருக்கட்டும். நோய்க்குத் தக்க பரிகாரமே வேண்டும். முதியவர்களுக்குப் பிதற்றல் ஓரிரு நாள்களில் திடீரென்று மிகுந்தால் அது பழைய வியாதியின் வளர்ச்சி என்று எண்ணி இருந்துவிடலாகாது. சிறுநீர்த்தொற்று, ஜுரம், உடலில் நீர் குறைதல், புதிதாகக் கொடுத்த மருந்து இவையும் காரணமாகலாம். அவை தீர்க்கக்கூடியவை. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஆனால் வியாதி அடைவைத்தான் கெடுத்திருக்கிறது. சொற்களை அது கொண்டுவரவில்லை. நேற்று உண்டது நினைவில்லாதவருக்கு அறுபது வருஷத்துக்கு முன் சந்தை சொன்ன பாசுரம் நினைவிருக்கிறது. இளமையில் இசையோடும் தாளத்தோடும் நெட்டுருச் செய்தவை கடைசிவரை தங்கும் என்பது இத்தகையோரைப் பேணுகிறவர்கள் அனைவரும் காணும் அனுபவம். மல்லாட்டையும் மாடும் அவர் உழைத்து வாழ்ந்த வாழ்க்கை. திருப்பல்லாண்டும் அவர் வாழ்ந்த வாழ்க்கையே. நூல் அறுந்தபின் உள்ளே இருந்த இரண்டும் கலந்து உதிர்கின்றன. அவர் போட்டுவைக்காத எதுவும் வெளிவரவில்லை.

இப்படி ஒரு காலம் வரும் என்று பெரியாழ்வாருக்குத் தெரிந்திருந்தது. நான்காம் பத்தின் ஐந்தாம் திருமொழியில் அந்திமதசையை அவர் காட்டும் காட்சி கொடியது. சுற்றியிருப்பவர்கள் பொருள் எங்கே வைத்தாய், சொல், சொல் என்று நச்சரிக்கிறார்கள். இவனுக்கோ வாய் திறக்கவில்லை. அந்த நிலை வருமுன்னே திருநாமத்தைச் சொல்லிவிடுங்கள் என்கிறார். அதே பத்தின் பத்தாம் திருமொழியில் தம்மைக் குறித்தே திருவரங்கத்தானிடம் பேசுகிறார். தளர்ந்து கிடக்கும்போது உன்னை நினைக்க எனக்குச் சக்தி இராது. ஆகையால் அன்றைக்கு வேண்டியதை இன்றைக்கே சொல்லிவைத்தேன் என்று முன்பணம் கட்டுவதுபோல் கட்டிவிடுகிறார். தேவரீர் தகப்பனாரும் திருக்கோவலூர்ப் பேருந்தில் ஏறிய ஒவ்வொரு முறையும் அப்படிக் கட்டியவரே.

கட்டியதை வாங்கிக்கொண்டவன் என்ன சொன்னான் என்பதற்கு வராஹ சரமம் இருக்கிறது. மனம் ஸ்வஸ்தமாக, உடல் நல்ல நிலையில் இருந்தபோது என்னை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லும் போல் கிடக்கையில் அவனை நான் நினைக்கிறேன். பரமகதிக்கு நானே அழைத்துச் செல்கிறேன் என்று ஞானப்பிரான் பூமிப்பிராட்டிக்கு அருளினான். ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யசிகாமணி என்னும் க்ரந்தத்தை இதன் பொருளை விரிக்கவே அருளிச்செய்தார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டதே, இவர் கதி என்ன என்று மனைவி மக்கள் அழுவதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம். நினைக்கவேண்டிய பொறுப்பு அப்போது யாருடையது என்பதை இந்த இரண்டு ஸ்லோகங்களும் தெளிவாக மாற்றி எழுதிவிட்டன.

ஆகவே திருத்தவேண்டுமா என்றால், வேண்டா என்பதே அடியோங்களின் விண்ணப்பம். திருத்தினால் அவருக்குப் பிழை விளங்கப்போவதில்லை. அதட்டப்பட்டோம் என்பது மட்டும் விளங்கும். முகம் சுருங்கும், வாய் மூடும். திருநாமம் சொல்லிக்கொண்டிருந்த வாயை மூடச்செய்ததுதான் அபசாரத்துக்குக் கிட்டத்தில் போகிறது. அவர் எந்தப் பாசுரத்தைத் தொடங்குகிறாரோ அதை நீங்களும் மெல்ல உடன் சொல்லுங்கள். நடுவில் வேறு பாசுரத்துக்குப் போனால் நீங்களும் போங்கள். மல்லாட்டைக்குப் போனால் அங்கேயும் போய்வாருங்கள்.

கோஷ்டியின் விஷயம் சிறிது வேறு. சேவாகாலத்தில் எடுப்பும் தொடுப்பும் அடைவும் எம்பெருமானுக்கு ஸமர்ப்பிக்கப்படும் கைங்கர்யம். ஒருவர் இடையே வேறு பாசுரம் சொன்னால் மற்றவர் தடுமாறுவர். ஆகையால் அங்கே ஒழுங்கைக் காப்பவர்மேல் முழுக் குற்றம் சொல்லமாட்டோம். குற்றம் அதட்டிய குரலில்தான். இத்தகைய பெரியவரைக் கோஷ்டியின் ஓரத்தில் ஒருவர் கைபற்றி அமர்த்திக்கொள்ளலாம். முழு நேரமும் இருத்தாமல் சாற்றுமுறைக்கு அழைத்துவரலாம். அந்நேரத்துப் பாசுரங்கள் அவர் நாவில் நன்கு பழகியவை. பெரும்பாலும் சேர்ந்தே சொல்லிவிடுவார். தீர்த்தம், சடகோபம், ப்ரஸாதம் மூன்றும் அவருக்குக் கிடைக்கட்டும். அழைத்துவராமலே விட்டுவிடுவதுதான் ஆகாது.

பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் ‘பெனாத்துகிறார்’ என்று சொல்லாதே எனக் கோபிக்கவேண்டாம் என்றும் எழுதினோம். இரவெல்லாம் உடன் விழித்திருக்கிறவர் அவர். நம்மாழ்வார் தம் வாயால் ஏற்றுக்கொண்ட சொல்லுக்கு நாம் முகம் சுளிப்பானேன்?

இந்தக் கட்டுரையை முடிக்கும் தறுவாயில் அவரிடமிருந்து மறுமொழி வந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தகப்பனார் திருப்பல்லாண்டை எடுத்தாராம். இரண்டு அடி போனதும், "மல்லாட்டை மூட்டை என்ன வெல போவுது?" என்றாராம். குமாரர் தமக்குத் தெரிந்த ஒரு விலையைச் சொன்னாராம். "பரவால்ல, வித்துடு" என்று பதில் வந்ததாம். அப்புறம் சிறிது நேரம் ஓசையில்லை. குமாரர் விட்ட இடத்திலிருந்து மூன்றாம் அடியை மெல்லச் சொன்னாராம். நான்காம் அடி காணையிலிருந்து வந்ததாம்.